பனிக்கு நீல நிழல்: மோனே பாணியில் குழந்தைகளோடு ஒரு குளிர்கால ஓவியம்

முதல் தடவை இதை நடத்தியபோது எனக்குக் கிடைத்தது பதினோரு சிமென்ட் தரை.

அரையாண்டு விடுமுறை. மொட்டை மாடியில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, பனி கொட்டிக் கிடக்கும் ஊர் ஒன்றை வரையலாம் என்று சொன்னேன். நிழலுக்கு வேண்டியிருக்குமே என்று ஆளுக்கொரு சொட்டு கறுப்பும் ஊற்றிக் கொடுத்தேன். அங்கேதான் தப்பு. வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் வரும். சாம்பலைத் தாள் முழுக்கத் தடவினால் புதுசாகப் பூசிய மாடித் தரைதான் வரும். "மிஸ், இதுல பனி எங்க?" என்று ஒரு பொடியன் தன் படத்தையே பார்த்துக் கேட்டான்.

அடுத்த வருடம் கறுப்பை ஒளித்து வைத்துவிட்டு, பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் ஒரு படத்தைக் காட்டினேன். அப்புறம் எல்லாமே மாறிவிட்டது. அந்தப் படத்தை வைத்து நான் செய்யும் முறைதான் இது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் பொருந்தும். முக்கால் மணி நேர அமர்வுகள் இரண்டு போதும். நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது.

படம் எது?

'மேக்பை' என்ற ஓவியம். மோனேக்கு அப்போது 28 வயது. 1868–69 குளிர்காலத்தில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் எத்ரெத்தா என்ற ஊர்ப் பக்கம் தங்கியிருந்தபோது வரைந்தது. கூட காதலி கமீலும் அவர்களுடைய கைக்குழந்தை ழானும். கையில் காசில்லை, கொதிபேர் என்ற புரவலர் உதவியில்தான் காலம் ஓடியது. படத்தில் பெரிதாக எதுவுமே நடக்காது. பனி மூடிய ஒரு வேலி, இடப்பக்கம் ஒரு மரப்படல், அதன்மேல் ஒற்றையாக ஒரு பறவை, பின்னால் மரங்கள், அதற்கும் பின்னால் ஒரு வீடு. வெயில் அடிக்கிறது. வேலியின் நிழல் நம்மைப் பார்த்து விழுந்து கிடக்கிறது. அந்த நிழல் நீலம்.

மேக்பை என்பது காக்கைக் குடும்பத்துப் பறவை. கறுப்பு வெள்ளை உடம்பு, நீண்ட வால். நம் ஊர் வால்காக்கைக்கு உறவு என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

தாளைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பார்க்க விடுங்கள். கைப்பேசியின் சின்னத் திரையில் காட்டாதீர்கள். மடிக்கணினியிலோ டிவியிலோ காட்டுங்கள், இல்லையென்றால் வண்ணத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஓவியம் 89 செ.மீ. உயரம், 130 செ.மீ. அகலம். அளவு நாடாவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, சுவரில் அந்த அளவுக்குச் சாக்பீஸால் கட்டம் போடச் சொல்லுங்கள். 'இவ்ளோ பெருசா!' என்று வாய் பிளப்பார்கள். அந்த வியப்போடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சூரியன் எங்கே இருக்கிறது? படத்தில் சூரியன் தெரியாது. நிழல் முன்பக்கம் விழுவதை வைத்து, வேலிக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மாடியில் ஒரு வெள்ளை வேட்டி

இந்தப் பகுதியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நேரே பெயின்ட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் பாதிப் பாடம் இங்கேதான் இருக்கிறது.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெண்பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது, வண்டி சீட்டை நனைப்பது. தரையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் பனிக்கு அதிலிருந்து வழி கிடைக்காது. வெள்ளைத் துணியிலிருந்து கிடைக்கும்.

வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாள், காலை எட்டு மணிக்குள் மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். தட்டையாக விரிக்காமல் அங்கங்கே மேடு பள்ளமாகக் கசக்கிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை நிறுத்துங்கள். அதன் கால்களின் நிழல் வேட்டிமேல் விழும். இப்போது பிள்ளைகளிடம் நிழலின் நிறம் கேட்டால் கறுப்பு என்றோ சாம்பல் என்றோதான் சொல்வார்கள். விடுங்கள். பழைய நோட்டு அட்டையைக் குழலாகச் சுருட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழல் வழியாக நிழலை மட்டும் பார்க்க வேண்டும், உடனே வெயில் படும் இடத்தைப் பார்க்க வேண்டும், மறுபடி நிழல். மூன்றாவது நான்காவது தடவையில் யாராவது ஒருவர் "ப்ளூவா இருக்கு" என்று கத்துவார்கள். உடனே மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காரணம் எளிது. வெயில் படும் இடத்துக்குச் சூரியனிலிருந்து நேராக வெளிச்சம் வருகிறது, அதில் லேசான மஞ்சள் சாயல். நாற்காலி அந்த வெளிச்சத்தை மறித்துவிட்டது. நிழலுக்குள் மிச்சமிருப்பது வானத்திலிருந்து வரும் வெளிச்சம். வானம் நீலம், அதனால் நிழலும் நீலம். வேட்டிக்கு நடப்பதுதான் நார்மண்டிப் பனிக்கும் நடந்தது. மேகமூட்டமான நாளில் இது வேலை செய்யாது. அன்றைக்கு ஜன்னல் ஓரம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மறுபக்கம் மஞ்சள் வெளிச்சம் தரும் மேசை விளக்கு ஒன்றைப் போட்டு, நடுவில் ஒரு பேனாவை நிறுத்துங்கள். விளக்கு போடும் நிழலில் நீலம் தெரியும்.

வேட்டி என்றதும் இன்னொன்று. வெளுத்த துணிக்கு நீலம் போடுவது எதற்கு என்று பாட்டியைக் கேட்டு வரச் சொல்லுங்கள். பழுப்பு ஏறிய வெள்ளையில் துளி நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு அது இன்னும் வெள்ளையாகத் தெரியும். அந்தக் காலத்தில் வாளித் தண்ணீரில் கரைத்த நீலப் பொடி அல்ட்ராமரின். பெயின்ட் கடையில் அல்ட்ராமரின் ப்ளூ என்று கேட்டால் தருகிறார்களே, அதே நிறப்பொருள். ஆப்கானிஸ்தான் மலைக் கல்லை அரைத்து, பொன் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த இந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்ய 1828வாக்கில் பிரான்சில் வழி கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் அது ஓவியனுக்கும் கட்டுப்படியானது, சலவைக்கும் வந்தது. பனி ஓவியமும் வேட்டியும் இந்த வகையில் ஒரே டப்பாவுக்குச் சொந்தம்.

வாங்க வேண்டியவை

போஸ்டர் கலர் போதும், அக்ரிலிக் என்றால் இன்னும் நல்லது. வாட்டர் கலர் வேண்டாம். ஒளி ஊடுருவும் பெயின்டில், இருட்டின்மேல் வெள்ளையை வைக்க முடியாது, இந்த வேலைக்கு அது முக்கியம். நிறங்கள் ஐந்து: வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன் சிவப்பு, மஞ்சள், பர்ன்ட் அம்பர் என்று கேட்டால் தரும் பழுப்பு. வெள்ளையை மட்டும் தாராளமாக வாங்குங்கள். ஏ4 அளவுத் தாளுக்கு ஒரு பிள்ளைக்கு 15 மில்லிக் குப்பி ஒன்று முழுசாகக் காலியாகும். கறுப்பு வாங்கவே வேண்டாம்.

தாள் கனமாக இருக்க வேண்டும், 200 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாமல். ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால், அதன் நீள அகல விகிதம் மோனேயின் படத்துக்கு ஏறக்குறைய சமம். வேண்டுமென்றே தேடினாலும் இவ்வளவு பொருத்தமாகக் கிடைக்காது. தாளை ஒட்ட மாஸ்கிங் டேப், பரீட்சை அட்டை, அரை அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, 4 அல்லது 6ஆம் நம்பர் பிரஷ் ஒன்று, நிறம் கலக்கப் பழைய ஐஸ் ட்ரே, பழைய விசிட்டிங் கார்டு இரண்டு, தண்ணீருக்கு இரண்டு டம்ளர், கந்தல் துணி.

முதல் அமர்வு: அடிப்பூச்சும் ஐந்து கலவையும்

தாளின் நாலு ஓரத்தையும் டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். கொஞ்சம் வெள்ளையில் துளி மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து, தண்ணீர் விட்டு நீர்த்து, தாள் முழுக்க ஒரு பூச்சு பூசுங்கள். உரித்த வெள்ளரிப்பழத்தின் நிறம் வந்தால் சரி. வெறும் வெள்ளைத் தாளில் வெள்ளை பெயின்ட் வைத்தால் பிள்ளைக்குத் தான் வைத்தது எங்கே என்றே தெரியாது. இந்தப் பூச்சின்மேல் வைக்கும் ஒவ்வொரு வெள்ளைத் தீற்றலும் பளிச்சென்று தெரியும்; பின்னால் நீலம் வந்து சேரும்போது இடையிடையே எட்டிப் பார்க்கும் இந்த வெதுவெதுப்பான நிறம்தான் வெயிலாக மாறும். காய இருபது நிமிடம் விடுங்கள்.

காயும் நேரத்தில் கலவை. இதை அவர்களே செய்ய வேண்டும். அளவு சொல்ல நான் அஞ்சறைப் பெட்டியைத்தான் துணைக்கு அழைப்பேன்.

முதல் குழி, வெயில் வெள்ளை: ஒரு தேக்கரண்டி வெள்ளையில் கடுகளவு மஞ்சள். இரண்டாவது, ரோஜா வெள்ளை: அரைத் தேக்கரண்டி வெள்ளையில் கடுகளவு மஞ்சள், கடுகில் பாதி சிவப்பு. மூன்றாவது, இளநிழல்: ஒரு தேக்கரண்டி வெள்ளையில் மிளகளவு நீலம். நான்காவது, ஆழநிழல்: அரைத் தேக்கரண்டி வெள்ளையில் துவரம்பருப்பு அளவு நீலமும் கடுகளவு சிவப்பும், லேசாக ஊதா ஓடும். ஐந்தாவது, இருட்டு: நீலமும் பழுப்பும் சம அளவு, வெள்ளை இல்லாமல். கறுப்புக்கு மிக நெருக்கமாக வரும், ஆனால் செத்த கறுப்பாக இருக்காது. மரத்துக்கும் பறவைக்கும் இதுதான்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: எப்போதும் வெள்ளையில்தான் நீலத்தைச் சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளையைக் கொட்ட ஆரம்பித்தால் நிறம் வெளுக்கவே வெளுக்காது, வெள்ளைக் குப்பி தீர்ந்து, ஒரு கிண்ணம் நிறைய நீலம் மிஞ்சும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இதைச் செய்து பார்க்கும். செய்யட்டும், அந்த நீலத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பூச்சு காய்ந்ததும் கோடு. பென்சிலும் ரப்பரும் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு வரைவதிலேயே போய்விடும். வெளிர்நீலக் கலர் பென்சில் ஒன்று போதும், ரப்பர் இல்லை. தாளின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இடவலமாக ஒரு வேலி, இடப்பக்கம் ஏணி மாதிரி ஒரு படல், பின்னால் நாலைந்து மரம், மரங்களுக்கு நடுவே ஒரு கூரை. அவ்வளவுதான். மோனேயின் வேலியை அப்படியே பார்த்து வரைய வேண்டியதில்லை. யாருக்காவது வேலிக்குப் பதில் கிணற்று மேடை வேண்டுமென்றால் வரையட்டும், அதன்மேல் பனி உட்கார இடமும் நிழல் விழ முன்பக்கமும் இருந்தால் போதும்.

முதல் நாள் இத்தோடு நிறுத்துங்கள். கலவையின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ட்ரேயைப் பிளாஸ்டிக் உறையால் இறுக்கமாக மூடினால் போஸ்டர் கலர் மறுநாள் வரை தாங்கும். அக்ரிலிக் காய்ந்து இறுகிவிடக்கூடும், அப்படியானால் புதிதாகத்தான் கலக்க வேண்டும்.

இரண்டாம் அமர்வு: தேய்க்காதே, வை

தொடங்குமுன் ஒரு கதை சொல்லுங்கள். மோனே பனியை அறைக்குள் உட்கார்ந்து நினைத்து வரையவில்லை. 1867வாக்கில், அதே நார்மண்டியில் ஓன்ஃப்ளோர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பத்திரிகைக்காரர் அவரைப் பனிக்கு நடுவே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: பக்கத்தில் ஒரு சின்னக் கணப்பு, சட்டத்தில் துணி, மூன்று மேலங்கி போட்டு, கையுறை மாட்டி, பாதி முகம் உறைந்துபோய் ஒரு மனிதர். பெயின்ட்டைத் தகர ட்யூபில் அடைக்கும் உத்தி 1841இல் வந்திருக்காவிட்டால், அந்தக் குளிரில் பெயின்ட்டோடு வெளியே போவதே பெரும்பாடாக இருந்திருக்கும். பிள்ளைகளுக்கு மூன்று மேலங்கிதான் பிடிக்கும். மாடியில் வியர்த்துக்கொண்டே சிரிப்பார்கள்.

அப்புறம் ஒரே கட்டளை: தேய்க்காதே, வை. நம் பிள்ளைகள் வண்ணம் என்றாலே கோட்டுக்குள் வழவழவென்று தேய்த்துப் பழகியவர்கள். இங்கே பிரஷை நெல்மணி நீளத்துக்குத் தாளில் வைத்து எடுக்க வேண்டும். வை, எடு, பக்கத்தில் வை. ஒவ்வொரு தீற்றலும் தனியாகத் தெரிய வேண்டும். ஒரு துண்டுத் தாளில் இருபது தீற்றல் வைத்துப் பழகட்டும்.

வானத்திலிருந்து கீழே வாருங்கள். வானத்துக்கு ரோஜா வெள்ளையும் கொஞ்சம் இளநிழலும், படுக்கை வாட்டில். மரங்களுக்கு இருட்டைக் கொஞ்சம் நீர்த்து, சின்ன பிரஷால் கீழிருந்து மேலாக. கிளை நுனிக்குப் போகப் போக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வீட்டுச் சுவருக்கு மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும். கூரையைப் பனிக்காகக் காலியாக விடுங்கள்.

இப்போது நிழல், பனிக்கு முன்னால். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். வேலியின் அடியிலிருந்து நம் பக்கமாக ஆழநிழலை வையுங்கள். தள்ளிப் போகப் போக இளநிழல். நிழலின் தீற்றல்கள் படுக்கை வாட்டில் இருந்தால் தரை தட்டையாகக் கிடக்கும், நின்ற வாட்டில் வைத்தால் தரை சுவராக எழுந்து நிற்கும். இந்த இடத்தில் நான் சுற்றிச் சுற்றி வருவேன். பிள்ளைகளுக்கு இதுவரை தாளில் நீலக் குட்டைகள்தான் தெரியும், 'மிஸ், இது ஆறு மாதிரி இருக்கு' என்று பயப்படுவார்கள். பொறுக்கச் சொல்லுங்கள்.

நிழலைச் சுற்றி வெயில் வெள்ளையை வைக்க ஆரம்பித்ததும் ஆறு மறைந்துவிடும். தட்டை பிரஷில் கெட்டியாக எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் வைக்க வேண்டும். வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் இரண்டு மூன்று தீற்றல் ரோஜா வெள்ளை. கூரைமேல் சரிவு வாட்டில். போன வருடம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு நிழலின் ஓரமாக ஐந்தாவது தீற்றலை வைத்தவள், பிரஷை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெயில் அடிக்குது!" என்றாள். அவள் தாளில் மஞ்சள் என்று தனியாக ஒரு புள்ளிகூட இல்லை.

கிளைகளின்மேல் பனிக்கு விசிட்டிங் கார்டு. அதன் விளிம்பை வெயில் வெள்ளையில் தொட்டு, கிளையின் மேல்பக்கத்தில் மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். மேலிருந்து விழுந்த பனி மேலேதான் உட்காரும், அடியில் ஒட்டாது. வேலிக்கும் படலுக்கும் அப்படியே. அடிப்பக்கம் ஒரு கோடு ஆழநிழல். கார்டை இழுக்கக் கூடாது, இழுத்தால் கிளையின் இருட்டும் கூட வந்து, பழைய சிமென்ட் திரும்பி வந்துவிடும்.

கடைசியாகப் பறவை. கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, ஒன்றே ஒன்றுதான். இருட்டில் ஒரு சின்ன உடம்பு, நீண்ட வால், தோளில் ஒரு துளி வெள்ளை. இரண்டு குருவி, நாலு காக்கை, ஒரு மயில் என்று கேட்பார்கள். நான் இதில் மட்டும் சர்வாதிகாரி. அத்தனை வெள்ளைக்கு நடுவே அந்த ஒரு இருட்டுப் புள்ளிதான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஐந்து வைத்தால் அதுவே கோழிப்பண்ணை.

பனி கொட்டுவது மாதிரி பிரஷை உதறிப் புள்ளி தெளிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். இந்தப் படத்தில் வேண்டாம். வெயில் அடிக்கிறது, பனி நின்றுவிட்டது. தெளித்தே ஆக வேண்டும் என்றால் இன்னொரு தாளை எடுத்து, நிழலே இல்லாமல், வானமும் தரையும் சாம்பல் கலந்த ஊதாவாக வரையட்டும். மோனேயே 1875இல், பாரிஸுக்குப் பக்கத்து ஊரான அர்ஜான்தேயில் குடியிருந்தபோது, பனியில் நிற்கும் ரயில் ஒன்றை அப்படி மங்கலாக வரைந்திருக்கிறார். முன்பக்க விளக்குகள் மட்டும் மஞ்சளாக எரியும்.

சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும்

நாலைந்து வயதுக்கு பிரஷ் தீற்றலெல்லாம் சிரமம். அவர்களைச் சமையலறைக்கு அனுப்பி வெள்ளைகளைக் கொண்டு வரச் சொல்லுங்கள்: உப்பு, தேங்காய்ச் சில்லு, மல்லிகை, பஞ்சு, முட்டை ஓடு, சாதம். ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அப்புறம் வீட்டில் கிடக்கும் விதவிதமான வெள்ளைத் தாள்களை விரலால் கிழித்து, வெளிர்நீல அட்டையில் மேடுகளாக ஒட்டட்டும். பறவைக்கு ஒரு துண்டு கறுப்புத் தாள்.

பன்னிரண்டைத் தாண்டியவர்கள் ஒரே காட்சியைக் காலை, உச்சிவேளை, அந்தி என்று மூன்று தாளில் வரையலாம். மோனே பிற்காலத்தில் குடியிருந்த ஜிவெர்னி என்ற ஊரில் 1890–91இல் வைக்கோல் போர்களை இப்படித்தான் திரும்பத் திரும்ப வரைந்தார், பனி மூடியவையும் அதில் உண்டு. அந்திக்கு வெயில் வெள்ளையில் ஆரஞ்சைக் கூட்டி, நிழலில் ஊதாவைக் கூட்டினால் போதும். காட்சியில் ஒரு கோடுகூட மாற வேண்டாம்.

காய்ந்த பிறகு

இரண்டு மணி நேரம் காயவிட்டு, டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல் மெதுவாக, வெளிப்பக்கமாகச் சாய்த்து இழுங்கள். நேர்விளிம்பு கிடைக்கும். படங்களைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளை ஆறடி தள்ளி நிற்க வையுங்கள். கிட்டத்தில் தனித்தனியாகத் தெரிந்த தீற்றல்கள் அங்கிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று கலந்து பனியாகத் தெரியும். கிட்டே, தூரம், கிட்டே என்று ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.

தன் படம் நன்றாக வரவில்லை என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள்: 'மேக்பை' ஓவியத்தை 1869ஆம் வருட சலோனுக்கு, அதாவது பாரிஸில் நடந்த பெரிய ஓவியக் கண்காட்சிக்கு, மோனே அனுப்பினார். நடுவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1984இல் அரசு வாங்கி, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

பிரஷ்களைப் பிள்ளைகளே கழுவட்டும். டம்ளரின் அடியில் வெள்ளை படிந்து, மேல் தண்ணீர் வெளிர்நீலமாக நிற்கும். போன வருடம் அதை எட்டிப் பார்த்த என் அம்மா, கொடியில் கிடந்த அப்பாவின் வேட்டியைக் காட்டி, "கொட்டிடாதீங்கடா, அதுல முக்கி எடுத்துரலாம்" என்றாள்.